ஓடுவதெல்லாம் சிவப்பு

சூசையப்பன் ஓர் இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கினால், முதலில் தரையில் ஒரு சாக்கை விரிப்பார். முதலில் கழன்ற நட்டு சாக்கின் இடது ஓரத்தில் இருக்கும். அடுத்தது அதற்கு வலப்புறம், அதற்கடுத்தது அதற்கும் வலப்புறம் என்று, கழன்ற வரிசையிலேயே எல்லாம் படுத்துக் கிடக்கும். திரும்ப மாட்டும்போது வலமிருந்து இடமாக வருவார். சாக்கு வெறுமையான பிறகுதான் ஸ்விட்சில் கை வைப்பார். ஒரேயொரு வாஷர் மிஞ்சியிருந்தாலும், மேலதிகாரி பக்கத்தில் நின்று கத்தினாலும், மறுபடி முதலிலிருந்து கழற்றுவார். மூணாறிலிருந்து பதினேழு கிலோமீட்டர் மேலே, மலையின் முதுகில் நிற்கும் அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொன்பது ஆண்டுகளாக அவர்தான் பிட்டர். அவர் மூடிய இயந்திரம் எதுவும் ஒரு வாரத்துக்குள் மறுபடி திறக்கப்பட்டதில்லை.

வருகிற டிசம்பரோடு அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றவர், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் உள்ள வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். வீட்டைக் காலி செய்வதில் அவருக்கு ஒரே ஒரு பொருள்தான் தடையாக இருந்தது. கட்டிலுக்கு அடியில், பழைய ரெயின்கோட்டில் சுற்றி, மூன்று மழைக்காலமாக அது கிடந்தது. பிரிக்காத ஒரு பார்சல். அதன்மேல் எழுதியிருந்த பெயர் ஜெகன்.

அந்த எஸ்டேட்டில் தபாலோ கூரியரோ லயம் வரைக்கும் வருவதில்லை. தொழிற்சாலை முக்கில் இருக்கும் டீக்கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யார் பெயருக்கு வந்திருந்தாலும், முதலில் அந்தப் பக்கம் போகிறவர் எடுத்துவந்து, உரியவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது வழக்கம். கல்யாணப் பத்திரிகையும் கோர்ட்டு நோட்டீசும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்டு மாதத்தில் மழை விடாமல் கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு மணிக்கு ஷிப்ட் முடித்துவந்த சூசையப்பன் ஜெகனின் பார்சலை அப்படித்தான் எடுத்தார்.

ஜெகன் ஜீப் ஓட்டுகிறவன். முப்பத்துமூன்று வயது. வீடு ஓடையோரத்துக் கீழ் லயத்தில். சவாரி இல்லாத நேரங்களில் ஸ்டியரிங்கின்மேல் செல்போனைச் சாய்த்துவைத்து, வெள்ளைக்காரர்கள் சின்னச் சின்ன மரக்குச்சிகளை ஒட்டி விமானம் செய்கிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஐஸ் குச்சியில் அவனே செய்த இரண்டு விமானங்கள் ஜீப்பின் கண்ணாடிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும். உறவு என்று எதுவும் இல்லாவிட்டாலும் சூசையப்பனை அவன் சித்தப்பா என்பான். அந்த முறையில் அவன் மனைவி பூமாரி அவரை மாமா என்பாள். வேதக்காரர், இந்து என்ற வேறுபாடு லயத்து உறவுமுறைக்குள் நுழைவதில்லை.

அன்று அவர் போன் செய்தபோது ஜெகன் மூணாறு ஸ்டாண்டில் இருந்தான்.

"சித்தப்பா, இங்க மழை ஊத்துது. இன்னைக்கு இங்கேயே படுத்துட்டுக் காலைல வரலாம்னு பாக்குறேன்."

"படு, படு, எனக்கென்ன. இங்க உம் பார்சல் புதுப்பொண்ணு கணக்கா வந்து உக்காந்திருக்கு. நீ வராட்டிப் போ, நானே பிரிச்சுப் பாத்துக்கிறேன்."

"ஐயையோ, பிரிச்சிராதீங்க! உங்க கையில ஸ்பேனர் இருக்கும், உள்ள இருக்கிறது ஈர்க்குச்சி. இருங்க, இந்தா கிளம்பிட்டேன். நான் வந்துதான் பிரிக்கணும்."

நான்கு மணிக்குச் சற்று முன்னால் தொழிற்சாலை வளைவில் ஹாரன் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குறுக்கம். அது ஜெகனின் ஜீப்பு என்று எஸ்டேட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஜீப்பைத் தொழிற்சாலையில் நிறுத்திவிட்டு, படி வழியாக முதலில் தன் வீட்டுக்கு இறங்கினான். கால்மணி நேரத்தில் மலை இறங்கியது. அந்த மண்சரிவை மலையாளப் பத்திரிகைகள் உருள்பொட்டல் என்று எழுதின. லயத்துக்காரர்கள் இன்றுவரைக்கும் அதற்குப் பெயர் சொல்வதில்லை, 'அன்னைக்கு' என்பதோடு சரி. அந்த நேரத்தில் கீழ் லயத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஜெகன் மட்டும் கிடைக்கவில்லை. பதினாறு நாள் தோண்டிவிட்டு இயந்திரங்கள் போய்விட்டன.

பூமாரி அப்போது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருந்ததால் பிழைத்தாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில், யாரோ கொடுத்த பெரிய அளவு நைட்டியை அணிந்துகொண்டு, ஒவ்வொருவராகப் பிடித்து அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சூசையப்பனிடமும் வந்தாள்.

"மாமா, மூணாறுலயே இருக்கேன்னுதான மத்தியானம் எனக்குப் போன்ல சொன்னாரு. அப்புறம் எதுக்கு மாமா வந்தாரு?"

"தெரியலம்மா" என்றார் சூசையப்பன்.

அந்தப் பொய்யை அவர் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் அவள் உறவினர் வந்து மறையூருக்கு அழைத்துப்போய்விட்டார்கள். அதற்கடுத்த மறுநாள்கள் ஆயிரத்துக்கும் மேல் ஆயின.

ஜீப்பை வட்டவடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். திங்களும் வியாழனும் அது காரட் மூட்டைகளோடு கீழ்ச் சாலையில் மூணாறுக்குப் போகும். நான்கு மணி வாக்கில் அந்த ஹாரன் மலை மேல் ஏறி வரும். ஒரு நீளம், இரண்டு குறுக்கம். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அது கேட்பதற்கு என்ன காரணம் என்று சூசையப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் அவர் கண் கட்டிலுக்கு அடியில் போகும். பார்சலை வாங்கிக்கொள்ள அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான். படி இறங்கிப் போனவன் படி ஏறி வர வேண்டியது மட்டும்தான் பாக்கி.

செப்டம்பரில் அவர் மனைவி சிசிலி வீட்டை ஒழிக்கத் தொடங்கினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ரெயின்கோட்டை இழுத்துப்போட்டாள்.

"இதை அந்தப் பொண்ணுகிட்டச் சேத்துர வேண்டியதுதான? செத்தவன் சாமானை வெச்சுக்கிட்டு இதென்ன அடைகாக்கிறது? காந்தலூர்லதான் இருக்கா. பஸ் ஏறினா மூணு மணி நேரம்."

"கொடுக்கலாம், கொடுக்கலாம்."

கொடுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. பார்சலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அது வந்து சேர்ந்த தேதி அச்சாகியிருந்தது. அந்தத் தேதியைப் பூமாரிக்குப் படித்துக்காட்ட யாரும் வேண்டியதில்லை. இரண்டு இரவு யோசித்தபின் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சீட்டை உரித்துவிட்டுக் கொடுத்தாலும், பிரிக்காத பெட்டி எப்போது வந்தது என்று கேட்பாள். பெட்டியைக் கொடுத்தால்தானே தேதி? உள்ளே இருப்பதைக் கட்டி முடித்து, விமானமாகக் கொடுத்துவிட்டால்? 'ஜெகன் எப்போதோ என்னிடம் கொடுத்துவைத்திருந்தது' என்று சொல்லிவிடலாம். கட்டி முடித்த விமானத்தில் தேதி இருக்காது.

அவர் முதலில் அதைக் கட்டத் தொடங்கியது இதற்காகத்தான். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேசைமேல் பழைய வேட்டித் துண்டை விரித்தார். சீட்டை முதலில் ஆவி காட்டி நெகிழ்த்து, கிழியாமல் உரித்து, பைபிளுக்குள் வைத்தார். அதை ஏன் அடுப்பில் போடவில்லை என்று பின்னால் அவரே கேட்டுக்கொண்டதுண்டு. பிறகு பார்சலின் ஒட்டுநாடாவில் பிளேடை வைத்தார். 'பிரிச்சிராதீங்க' என்ற குரல் காதுக்குப் பின்னால், மழை இரைச்சலோடு, தெளிவாகக் கேட்டது. சற்று நேரம் அப்படியே நின்றார். அதன்பின் ஒரே இழுப்பில் அறுத்தார்.

மனிதன் பறக்கக் கற்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பறந்த விமானம் ஒன்றின் சிற்றுரு அது. அசலில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. கட்டி முடித்தால் சிறகின் நீளம் ஒரு சாணும் ஐந்து விரலும் வரும். மரச்சட்டத்தால் ஆன உடம்பு, தாள் போர்த்திய ஒற்றைச் சிறகு, சைக்கிள் சக்கரம் போன்ற இரண்டு சக்கரம், எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க நூல். மேல்மூடியில் இருந்த வண்ணப்படத்தைப் பூசணம் தின்றுவிட்டது. உள்ளே இருந்த வரைபடம் கறுப்பு வெள்ளை. இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் எந்த நாட்டு வரைபடமும் பிட்டருக்குப் புரியும். தக்கை போன்ற மரத்தில் நூற்று முப்பத்தேழு பாகங்கள். எண்ணி, எண் வரிசையில் இடமிருந்து வலமாக வேட்டித் துண்டில் அடுக்கினார். நூற்று முப்பத்தேழாவது, சுண்டுவிரலின் இரண்டு கணு உயரத்தில் ஒரு மனிதன். தொப்பியும் கழுத்துத் துணியுமாக உட்கார்ந்த நிலையில் இருந்தான். வலது ஓரத்தில் அவனைத் தனியாக வைத்தார்.

நாள்தோறும் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் வெளிச்சம் போகிற வரைக்கும் வேலை. தேயிலை உருட்டும் ரோலரின் ஒரு டன் இரும்பைத் தூக்கிப் பொருத்திய விரல்களுக்கு இந்த ஈர்க்குச்சிகள் முதல் வாரம் கட்டுப்படவில்லை. ஒன்பது சட்டங்கள் ஒடிந்தன. அவற்றை வெள்ளைப் பசையால் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டு தெரியாமல் செய்தார். முள்ளெடுக்கும் சாவணம் கருவியாயிற்று. நூலைச் சிசிலியின் மாதா மெழுகுவர்த்தியில் உரசி முறுக்கேற்றினார்.

சிசிலி வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"ரிடையர் ஆகுற ஆளு மூட்டை கட்டுவான். நீங்க பிளேன் கட்டுறீங்க. இதுல ஏத்தித்தான் என்னைக் கூட்டிட்டுப் போகப் போறீங்களோ?"

"ஒரு ஆளுக்குத்தான் சீட்டு இருக்கு."

"அப்ப நான் உக்காந்துக்கிறேன். நீங்க பின்னால தள்ளிட்டு வாங்க."

சிறகுக்குத் தாள் போர்த்தியபோதுதான் தொல்லை தொடங்கியது. சட்டத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டி, நீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும். காயும்போது தாள் சுருங்கி மத்தளத் தோல்போல இறுகும். ஆனால் அந்த மலையில் காற்றே ஈரம். மேகம் சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தால் சிறகு தொய்ந்துவிடும். சற்று வெயில் அடித்தால் இறுகும். இறுகும்போது ஒவ்வொரு சட்டமாக 'டிக்' என்று சொல்லும். அவர் சோறு சாப்பிட உட்கார்ந்திருப்பார், அலமாரிமேல் டிக். சற்று இடைவெளி. டிக், டிக். யாரோ விரல் நுனியால் கதவைத் தட்டுவதுபோல இருக்கும். காரணம் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார். படி வெறுமையாக, கீழே மண் மூடிய இடத்தில் புதிதாக வளர்ந்த புல்லை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் சிறகைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோனார். கொழுந்தைப் பரப்பிச் சூடான காற்றில் வாட்டுகிற மாடியில், ஒரு மூலையில் கம்பியில் மாட்டிவைத்தார். இரண்டே நாளில் தாள் இறுகியது. அதன்மேல் வார்னிஷ் பூசியபின் சத்தமும் நின்றது. ஆனால் விமானத்தில் பச்சைக் கொழுந்து வாடுகிற மணம் ஏறிவிட்டது. பூமாரி பதினொரு ஆண்டு முதுகில் சுமந்த மணம். அதை எப்படிப் போக்குவதென்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு வண்ணம். வரைபடத்தில் நிறம் இல்லாததால் அவர் தனக்குத் தெரிந்த சட்டத்தின்படி அடித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த இஞ்சினியர் போட்ட சட்டம் அது: ஓடுவதெல்லாம் சிவப்பு, நிற்பதெல்லாம் பச்சை. கை வைத்தால் ஆபத்து எது என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். தொழிற்சாலையில் கப்பி, பெல்ட்டு, விசிறி எல்லாம் சிவப்பு; தூணும் சட்டமும் பச்சை. ஆகவே விமானத்தின் சக்கரங்களுக்குச் சிவப்பு, வால் துடுப்புக்குச் சிவப்பு, அசையாமல் நிற்கும் இஞ்சினுக்குப் பச்சை. முகப்பில் இருந்த மர முன்விசிறிக்கு நல்ல ரத்தச் சிவப்பில் எனாமல் இரண்டு கோட்டிங். பளபளவென்று வந்தது. அதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமை.

அக்டோபர் கடைசியில் வேட்டித் துண்டில் ஒரே ஒரு பாகம் மிஞ்சியது. நூற்று முப்பத்தேழு.

அவனைச் சாவணத்தில் எடுத்து இருக்கைக்கு நேரே கொண்டுவந்தார். இருக்கை சரியாக அவன் அளவில் இருந்தது. வைக்க முடியவில்லை. அந்த இடத்தில் உட்கார வேண்டியவன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வைக்காமல் விட்டால் துண்டில் ஒரு பாகம் மிச்சம். மிச்சம் இருக்கிற இயந்திரத்தை முடிந்ததென்று அவர் இதுவரை யாரிடமும் ஒப்படைத்ததில்லை. நான்கு நாள் இப்படியே கழிந்தது. சிசிலி கேட்டபோதெல்லாம், "இன்னும் காயல" என்றார்.

ஐந்தாம் நாள் அவள் சொன்னாள்: "எதைக் காய வைக்கிறீங்கன்னு நான் கேக்கல. கேம்புல அந்தப் பொண்ணு கேட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். உங்க முகத்தைப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கு நான் மட்டும் போறேன். நீங்க காந்தலூருக்குப் போங்க."

தேயிலை சாம்பிள் அனுப்புகிற சிறிய பலகைப்பெட்டியில் விமானத்தை வைத்து, நாலு பக்கமும் பஞ்சு அடைத்தார். புறப்படும் நேரத்தில் பைபிளைத் திறந்தார். உள்ளே இருந்த சீட்டை எடுத்து, அந்தச் சின்ன மனிதனை அதில் சுற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறு காகிதம் வீட்டில் இல்லாமலில்லை.

மறையூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கிக் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"எந்தா பெரியவரே, பிளைட்டை பஸ்ல கொண்டு போறீங்க? அப்ப நாங்க எதுக்கு?"

"இது ஓடாது தம்பி. ஆள் இல்ல."

"ஆள் இல்லாட்டி அரை டிக்கெட் மதி, போதும்." முன்சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சூசையப்பனும் சிரித்துவைத்தார். தேயிலை முடிந்து சந்தனக்காட்டு வேலி தொடங்கும் இடத்தில், பஸ்ஸுக்குப் பின்னால் எங்கோ ஒரு ஹாரன் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை.

காந்தலூரில், பழத்தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தங்கும் விடுதியில் பூமாரி சமையல் செய்கிறாள். விடுதியின் பின்கட்டில் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறத்தோடு எழுந்தாள்.

"மாமா! வாங்க, வாங்க. அத்தை வரலையா? இளைச்சுப் போய்ட்டீங்களே. உக்காருங்க, டீ போடுறேன்." அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு வந்தாள். "அதென்ன பெட்டி? ரிடையர் ஆகுறதுக்குக் கம்பெனி கொடுத்ததா?"

"இல்லம்மா. இது ஜெகனோடது. எப்பவோ... எங்கிட்ட இருந்துச்சு. கட்டி முடிச்சேன்."

அவள் பஞ்சை விலக்கினாள். இரண்டு கையாலும் விமானத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். முகத்தருகே கொண்டுவந்தபோது மூக்கு விடைத்தது. கொழுந்து மணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எதிர்பாராமல் சிரித்தாள்.

"இதென்ன மாமா, பிளேனா, ரோலர் மெஷினா? முன்விசிறிக்குச் சிவப்பு அடிச்சிருக்கீங்க!"

"ஓடுற பாகம் இல்லையா?"

"ஐயோ, அவரு பாத்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாரு. அந்தக் காலத்துப் பிளேனுக்கு விசிறி மரத்துல இருக்கும், பெயின்டே கிடையாது, வார்னிஷ்தான். எத்தனை தடவை சொல்லியிருக்காருங்கிறீங்க? நான் தூங்கிட்டேன்னு தெரிஞ்சும் சொல்லிட்டே இருப்பாரு." சிரிப்பு நிற்பதற்குள் அவள் விரல் இருக்கையைத் தொட்டது. "ஆளு எங்க மாமா? சீட்டு காலியா இருக்கு. ஆளு இல்லாமலா கம்பெனிக்காரன் அனுப்பினான்?"

சூசையப்பன் சட்டைப்பையில் கைவிட்டார். தீப்பெட்டியைத் திறந்து பொம்மையை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். தேதிச் சீட்டு பையிலேயே தங்கியிருக்கும். விரல் பெட்டியின் ஓரத்தை ஒருமுறை தள்ளவும் தள்ளியது. ஆனால் மூடியபடியே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் சுருளைப் பிரித்தாள். பொம்மை முறத்தில், பூண்டுத் தோலுக்கிடையே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சீட்டில் புருஷனின் பெயரையும், இப்போது யாரும் எடுக்காத போன் நம்பரையும், அதற்குக் கீழே தேதியையும் படித்தாள்.

"இது அன்னைக்கு வந்ததா?"

"ஆமா."

"யாரு எடுத்தது?"

"நான்தான். எடுத்துட்டு அவனுக்குப் போன் பண்ணேன். மழையா இருக்கு, இங்கேயே இருக்கேன்னுதான் சொன்னான். நான்தான் வெளையாட்டுக்கு... வராட்டிப் போ, நானே பிரிச்சுப் பாத்துக்கிறேன்னு சொன்னேன். உடனே கிளம்பிட்டான்."

உரித்த பூண்டு ஒன்றை அவள் எடுத்து மறுபடி உரிக்கப் பார்த்தாள். அதில் தோல் இல்லை.

"கேம்புல உங்ககிட்டக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"தெரியலன்னீங்க."

"ஆமா."

"அன்னைக்குக் காலைல நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா? ஓடு ஒழுகுது, ஒரு மாசமா சொல்றேன், தார்ப்பாயைப் போடாம இந்த வீட்டுல கால் வைக்காதேன்னேன். மூணாறுலயே கிடன்னேன். அவரும் கோவத்துல சரின்னுட்டாரு. அப்புறம் மனசு கேக்காம தார்ப்பாய் போடத்தான் வந்தாருன்னு நினைச்சேன். மூணு வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டு இருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "மறையூர்ல வெல்லக் கொட்டகைல வேலைக்கு நின்னேன். மழைக்குக் கரும்பை மூட தார்ப்பாயை விரிச்சாங்க. அந்தச் சத்தத்தைக் கேக்க முடியல. அன்னைக்கே விட்டுட்டு இங்க வந்துட்டேன். ஏன் வந்தேன்னு இங்க யாருக்கும் தெரியாது."

தான் இத்தனை காலம் மறைத்தது தன் குற்றத்தை மட்டுமே என்று சூசையப்பன் எண்ணியிருந்தார். இன்னொருத்தியின் தலையில் அதை ஏற்றி வைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது.

"கொழுந்து மூட்டையைத் தலைக்கு ஏத்தணும்னா ரெண்டு பேரு பிடிக்கணும்ல மாமா? முழு மூட்டையையும் நான் ஒருத்தியாவே தூக்குனேன். இன்னொரு பக்கம் பிடிக்க ஆளு இருந்திருக்கு. கூப்பிடு தூரத்துலயே இருந்திருக்கு."

"தப்புதாம்மா."

"சரி, இப்பச் சொல்லுங்க. தார்ப்பாய்க்கு வந்தாரா, பார்சலுக்கு வந்தாரா?"

"தெரியலம்மா" என்றார் சூசையப்பன். முகாமில் சொன்ன அதே சொல்தான். இந்த முறை அது பொய் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. இருவரும் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்த வாடை வந்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மறுபடி தண்ணீர் வைக்கவில்லை.

விமானத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பஞ்சை அடைத்து, அவர் மடியில் திருப்பி வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க."

அவர் எழுந்துகொண்டார். எதிர்பார்த்தது இதைத்தான்.

"அந்தச் சிவப்பைச் சுரண்டிட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க. மரம் தெரியணும். வார்னிஷ் மட்டும்தான், என்ன?" முறத்தைக் கிளறிப் பொம்மையை எடுத்து, தோலை ஊதி, தன் கைக்குள் மூடிக்கொண்டாள். சீட்டையும் திருப்பித் தரவில்லை. "இவரு இங்க இருக்கட்டும். விசிறி சரியா வந்திருந்தா நானே உக்கார வைக்கிறேன். உங்க மேல கோவம் போகலை மாமா. அது பாட்டுக்கு இருக்கும். நீங்க வாங்க."

வீட்டுக்கு வந்ததும் சிசிலியிடம் எல்லாவற்றையும், அந்தப் போன் பேச்சை ஒரு சொல் விடாமல், சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வேட்டித் துண்டை விரித்தார். முன்விசிறியைக் கழற்றி எடுத்து, பாதி பிளேடால் சுரண்டத் தொடங்கினார். இரண்டு கோட்டிங் எனாமல் சுலபத்தில் விடுவதாக இல்லை. அழுத்தினால் மரம் பள்ளமாகும். அழுத்தாவிட்டால் சிவப்பு போகாது. துண்டின்மேல் சிவப்புத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. விசிறியின் ஓர் இலை நுனியில் மரத்தின் ரேகை, மெல்லிய பழுப்பில், வெளியே வந்தது. சன்னலுக்கு அப்பால் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு ஹாரன் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குறுக்கம். வட்டவடை ஜீப்பு செவ்வாய்க்கிழமை வருவதில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. பிளேடும் நிற்கவில்லை.

"இருப்பா" என்றார் தலை நிமிராமல். "இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு."

அடுக்களையிலிருந்து சிசிலி கேட்டாள்: "யாருகிட்டப் பேசுறீங்க?"

"ஜெகன்கிட்ட."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு அவள் குரல் வந்தது.

"மழை வருதுன்னு சொல்லுங்க. மூணாறுலயே இருந்துட்டுக் காலைல வரச் சொல்லுங்க."

சூசையப்பன் சன்னல் பக்கம் திரும்பி, அதை அப்படியே சொன்னார்.